சமையல்காரன் பிழைத்தானா

என் அலமாரியில் ஒரு தடித்த புத்தகத்தின் இடுக்கிலிருந்து பழுப்பேறிய காகிதம் ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. தேயிலை ஆலையில், இலை உலர்த்தும் மெஷினின் சூட்டை மணிக்கொரு முறை குறித்துவைக்கும் தாள் அது. அதை அடையாளத்துக்குச் செருகியவர் எங்கள் டீ மேக்கர். புத்தகம், மாயநாட்டுப் போர்க்கதை ஒன்றின் எட்டாம் பாகம்.

சோலூர் பக்கம் ஒரு எஸ்டேட் ஆலையில் நான் கிளார்க். அவர்தான் அங்கே இலையைத் தேயிலையாக்கும் பொறுப்பாளர். அவருடைய அப்பா இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். நான் கோயமுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தவன். துரை பங்களாவில் கழித்துப்போட்ட ஒரு பெட்டிப் புத்தகம்தான் எங்களைச் சேர்த்துவைத்தது. டிராகனும் மந்திரவாதியும் நாற்பது தாண்டிய இரண்டு ஆண்களுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். வருஷத்தில் பாதி நாள் எதிரில் நிற்பவன் முகமே பனியில் தெரியாத ஊர். எங்களுக்கு அந்தக் கதைகள் பக்கத்து ஊர்ச் சமாசாரம் மாதிரித்தான் இருந்தன.

டீ மேக்கர் எழுத்தாளர்களை எடைபோட்ட விதம் தனி. ஆலையில் தினமும் வரிசையாகக் கிண்ணங்களில் டீ வடித்து வைத்து, ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று ஊருக்கே கேட்கும்படி உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். கதைக்கும் அதே முறைதான். பத்துப் பக்கம் படித்துவிட்டு உறிஞ்சுகிற சத்தம் எழுப்புவார். முதல் அத்தியாயத்திலேயே போரைத் தொடங்கிவிடும் ஒருவரைப் பற்றி, “இலை வாடவே இல்ல கிளார்க்கு, அதுக்குள்ள மெஷின்ல போட்டுட்டான்” என்றார். நான் கொண்டாடிய இன்னொருவர் முந்நூறு பக்கத்துக்கு ராஜ வம்சாவளி எழுதுவார். “இவன் வாட்டி வாட்டியே இலையைக் கருக்கிட்டான். இதையா நீங்க எனக்கு சிபாரிசு பண்ணீங்க? உங்களுக்கு நாக்கு இருக்கா இல்லையா?”

“நாக்கு இருக்குதுங்க மேக்கரே, ரசனைதான் இல்லீங்க” என்பேன். சிரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் பெரிய உறையோடு ஆபீசுக்குள் வந்தார். உறையை மேஜைமேல் வைத்தார், பிரிக்கவில்லை. “ஈரல் கிளார்க்கு. ரொம்ப நாள் இல்லங்கிறாங்க. நல்ல தொடரா ஒண்ணு சொல்லுங்க. முடிஞ்சதா இருக்கணும். பாதியில தொங்குறது வேணாம்.”

பயம் வந்தால் நான் எப்படிப்பட்டவன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை தேயிலைக்கு நடுவே காட்டெருமை எதிரில் நின்றபோது ஓடவும் தோன்றாமல், கத்தவும் தோன்றாமல், கைகூப்பி “வணக்கமுங்க” என்றவன் நான். அன்றும் அதே கதைதான். வாயில் வந்ததைச் சொன்னேன். “ஒரு அம்மா எழுதினது இருக்குதுங்க. ஒன்பது பாகம். முடிஞ்சிருச்சுங்க.” வந்திருந்தது எட்டுதான். ஒன்பதாவது எப்போது வரும் என்று எழுதுகிற அம்மாவுக்கே தெரியாது.

காந்தலில் என் வீட்டுக்குப் போய் எட்டையும் சாக்கில் கட்டி எடுத்துவந்து கொடுத்தேன். அவர் நிதானமாகப் படிக்கிறவர், ஒரு பாகத்துக்கு இரண்டு மாதம் ஆகும். எட்டாவதைத் தொடமாட்டார் என்று மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கின் அர்த்தம் எனக்கு விளங்கியபோது பஸ்ஸில் இருந்தேன். மேலே யோசிக்கப் பிடிக்காமல் ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

அவர் லீவு போட்டு, ஒரே மழைக்காலத்தில் எட்டையும் முடித்துவிட்டார்.

அந்தக் கதையில் ஒரு நொண்டிச் சமையல்காரன் உண்டு. படையோடு அண்டாவை இழுத்துக்கொண்டு போவான். மேக்கருக்கு அவன்மேல் உயிர். “ராஜா செத்தா இன்னொரு ராஜா. அவனுக்கு யாரு இருக்கா?” எட்டாம் பாகம் முடியும்போது, எரிகிற தானியக் கிடங்குக்குள் அவனை வைத்துப் பூட்டியிருப்பார்கள்.

“ஒன்பது எங்க?” என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார். மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து பார்சல் லாரி நிற்கிறது என்று சொல்லியனுப்பினேன். அன்றைக்குப் பளீரென்று வெயில்.

கடைசியில் நேரில் போனேன். படுக்கையில் பாதி ஆள்தான் இருந்தார். கண்ணின் வெள்ளை, வடித்த டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. “புத்தகத்த இனி தூக்க முடியாது கிளார்க்கு. நீங்கதான் படிச்சிட்டீங்களே. கதையைச் சொல்லுங்க.”

சொன்னேன். முக்கால் மணி நேரம், வியர்க்க வியர்க்க. இல்லாத பாகத்தில் இல்லாத மழையைப் பெய்யவைத்தேன். சுவரில் தானியம் கொட்டும் துவாரம் ஒன்றைத் திறந்து அந்த நொண்டியை அதன் வழியே வெளியே தள்ளினேன். கடைசிப் பக்கத்தில் அவன் அண்டாவை அடுப்பில் ஏற்றினான்.

மேக்கர் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நிம்மதியாக எழுந்தேன். அப்போது சர்ரென்று அந்தச் சத்தம். காய்ந்த உதட்டால், வெறும் காற்றை உறிஞ்சினார். வாய்க்குள் உருட்டினார். துப்பவில்லை.

“கலப்படம்” என்றார். “இது அந்தம்மா தோட்டத்து இலை இல்ல.”

காட்டெருமைக்குச் சொன்ன வணக்கம்கூட வாயில் வரவில்லை.

“இருந்தாலும் குடிக்கலாம்” என்றார்.

மூன்றாம் நாள் போய்விட்டார். அவர் மனைவி எட்டுப் பாகங்களையும் துடைத்து, தேயிலைப் பெட்டியில் அடுக்கித் திருப்பி அனுப்பினார். எட்டாவதில் அந்தத் தாள் அப்படியே இருந்தது.

போன மாதம் ஒன்பதாம் பாகம் நிஜமாகவே வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அதைக் கையில் வாங்கிப் புரட்டாமல் தடவிப் பார்த்தார்.

“இதுதானா அண்ணே, அவரு கேட்டுக்கிட்டே இருந்தது?”

“ஆமாங்க.”

“அந்தச் சமையக்காரன் பொழைச்சானா?”

மேலுறையைக்கூட நான் பிரித்திருக்கவில்லை. “பொழைச்சிட்டானுங்க” என்றேன். தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை என்னிடமே திருப்பித் தந்தார்.

தொடர் தேடும் வாசகர்களுக்கு என் சிபாரிசு இது: அதை எழுதிய அம்மாவின் எட்டுப் பாகங்களையும் தாராளமாகப் படியுங்கள். ஒன்பதாவது எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். உறை பிரிக்காமல் எட்டாவதன் பக்கத்திலேயே நிற்கிறது. பழுப்புத் தாளின் நுனி அதன்மேல் உரசிக்கொண்டிருக்கிறது.