அத்தை கொடுத்த பாஸ்வேர்டு

போன வாரம் திருப்பதி ரயில்வே ஸ்டேஷனில் என் முகத்தில் ஈயாடவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு பெண் என்னைப் பாராட்டினாள்... அவ்வளவுதான்.

லாவண்யா என் பெரியப்பா மகனுடைய மகள். அண்ணனுக்கு நகரியில் நாலு பவர்லூம். இவள் டிகிரி முடித்துவிட்டு, தினமும் ரயிலேறி திருப்பதிக்கு வந்து கோடிங் கற்றுக்கொண்டு, வேலையும் தேடுகிறாள்.

சித்திரையில் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் படிப்பெல்லாம் எப்படி என்று கேட்டேன்.

"கிளாஸ்ல எல்லாரும் காசு கட்டி ஏஐ வெச்சிக்கினு இருக்காங்க அத்தே. ஓசியில வர்றது நாலு கேள்வி கேட்டா நின்னுடுது. மாசாமாசம் கட்டணும்னு நைனாகிட்ட எப்டி கேக்கறது?"

கேட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? எதிர்ப்பந்திக்கும் கேட்கிற குரலில் சொன்னேன் — "எதுக்கு வாங்கணும்? என் அக்கவுண்ட் இருக்குதே. பாஸ்வேர்டு தரேன், வெச்சிக்க."

அண்ணன் ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, "எங்க தங்கச்சி மனசு யாருக்கு வரும்" என்றார். எனக்கு இலையில் இருந்த பாயசத்தைவிட அது இனித்தது. அந்த அக்கவுண்டுக்குப் பணம் கட்டுவது பெங்களூரில் இருக்கும் என் மகன் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

நான் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கணக்கு பார்ப்பவள். பில்லையெல்லாம் படம் பிடித்து ஏஐயிடம் கொடுத்தால் அதுவே அட்டவணை போட்டுவிடும். இடையிடையே கத்தரிக்காய்க் கூட்டுக்குப் பக்குவம் கேட்பேன். மூட்டு வலிக்கு வைத்தியம் கேட்பேன். சமீப காலமாக மணிக்கணக்கில் சும்மாவும் பேசிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பத்தரை மணிக்கு அது கையை விரித்துவிட்டது. காசு கட்டினாலும் இவ்வளவுதான் கேட்கலாமாம்; அந்த லிமிட் முடிந்தது, மதியத்துக்கு மேல் வாருங்கள் என்றது. மறுநாளும் அப்படியே. முன்பெல்லாம் இப்படி ஆனதே இல்லையே... யார் வேலை இது? எனக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. லாவண்யாதான்!

கொடுத்ததை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? அதையும் அந்த ஏஐயிடமே கேட்டேன். 'என் அக்கவுண்டை ஓசியில் உபயோகிக்கும் உறவுக்காரப் பெண்ணை மனம் நோகாமல் நிறுத்தச் சொல்ல வேண்டும். மெசேஜ் எழுதிக் கொடு.' மூன்று எழுதிக் கொடுத்தது. முதலாவதில் பாதுகாப்புக் காரணம். இரண்டாவதில், கம்பெனிக்காரர்கள் விதியை மாற்றிவிட்டார்கள். மூன்றாவதில் — 'எனக்கே போதவில்லை, மன்னித்துக்கொள்.'

அனுப்ப வெட்கமாக இருந்தது. மூடி வைத்துவிட்டேன். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் மகனை ரயிலேற்றிவிட ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி நகர்ந்ததும் திரும்பினால், அரக்கோணம் வண்டிக்காக லாவண்யா நிற்கிறாள். கையில் போன், முதுகில் பை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே...

"என்னடி, அக்கவுண்ட் எல்லாம் உபயோகப்படுதா?"

"இல்ல அத்தே. நான் வெளிய வந்துட்டு பத்து நாள் ஆவுது."

"ஏன்?"

அவள் போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே அக்கவுண்ட் இல்லையா. நீங்க கேட்டதும் நான் கேட்டதும் ஒரே வரிசைல தெரியும் அத்தே. என்னோடதுன்னு நெனச்சி தொறந்துட்டேன்."

எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவள் கேட்டவையும் என் திரையில் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். இங்கிலீஷில் என்னவோ வருகிறது என்று நான் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

"மூணாவது நல்லா இருந்திச்சி அத்தே" என்றாள். "அதுல பொய் இல்ல. அதையே அனுப்பி இருக்கலாம்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஒப்பேற்றியிருப்பேன். அவள் உண்மையாகவே சொன்னாள். பிளாட்பாரம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

"நீ வேலைக்காக ஏதோ கம்பெனிக்கு ப்ராஜெக்ட் செஞ்சிக்கினு இருக்கேன்னு அண்ணன் சொன்னாரே..." என்று இழுத்தேன்.

"பாதில நின்னுபோச்சி. அப்பறம் ஓசில வர்றதுல நாலு நாலு கேள்வியா கேட்டு முடிச்சேன். ஒருநாள் லேட்டு. பாக்கலாம்னு சொல்லிக்கினு இருக்காங்க."

அந்த ஒருநாள் நான் கொடுத்தது. வேலை கிடைக்காமல் போனால் அதற்கு அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன்?

"காலைல நான் வேலை பாக்கற நேரத்துல லிமிட் முடிஞ்சிடுச்சி... அதான்..." என்றேன். எவ்வளவு அல்பமான சமாதானம் பாருங்கள்!

லாவண்யா ஆச்சரியமாகப் பார்த்தாள். "காலைல நான் தொடவே மாட்டனே. அத்தைக்கு வேலை இருக்கும்னு, சாயங்காலம் ட்ரெயின்ல போய்க்கினேதான் கேப்பேன். புத்தூர் தாண்டினா சிக்னலும் இருக்காது. அவ்ளோதான் அத்தே."

வண்டி வந்துவிட்டது. "தப்பு என்னுதுடி. பழையபடி நீயே வெச்சிக்க" என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். ஏஐ எழுதிக் கொடுக்காத மன்னிப்பு, அதனால் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

"வேணாம் அத்தே. உங்களுக்கே போதல" என்று சிரித்துக்கொண்டே கையசைத்தாள்.

இப்போது அந்த அக்கவுண்டில் நான் ஒருத்திதான். இன்றைக்கும் பத்தரைக்கே லிமிட் முடிந்துவிட்டது.