ஷூவோடு நுழைகிறவன்

நெல்லித்தோப்பில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கும் ரமீஜாவுக்கு மே மாத மதியங்களைத் தள்ள ஃபின்லாந்து கொலைப் படங்கள்தான் துணை. போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்துக்கொள்வாள். கீழே ஓடும் எழுத்தைப் படித்தால் தையல் கோணிவிடும் என்று படிப்பதே இல்லை. பாஷையும் தெரியாது. உறைந்த ஏரி, கறுத்த காடு, ஓயாத பனி. மெஷின் சத்தத்தில் கண் சொக்கும்போது அந்தப் பனி அவள் தெருவிலும் மெல்ல இறங்கி, கொடியில் காயும் துணிகளை மூடும்.

பக்கத்து வீட்டு சரிதா வந்து கேட்டாள்.

“பாக்குற மாதிரி ஒரு படம் சொல்லுக்கா.”

“எத வேணா பாரு. கொலகாரன் யாருன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிடும்.”

“பாஷ தெரியாமயா?”

“அந்த ஊர்லயும் நம்மள மாதிரி வாசல்லயே ஷூவ கழட்டிட்டுதான் உள்ள போறாங்க. எவன் கழட்டாம போறானோ, அவன்தான்.”

சரிதா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். படத்தில் மறுபடி பனி கொட்டியது. ரமீஜாவின் கண்கள் மூடிக்கொண்டன.

டக் டக்கென்று ஷூ சத்தம். படத்திலா, வீட்டிலா என்று பிடிபடவில்லை. கண்ணைத் திறந்தாள். நடுக்கூடத்தில் கணவன் அன்வருதீன் நின்றிருந்தான். கையில் ஐஸ் கட்டிப் பை, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். காலில் ஷூ.

“ஜூஸ் போடலாம்னு ஐஸ் வாங்கியாந்தேன். உருகிடப் போவுதுன்னு அப்படியே வந்துட்டேன்,” என்றான்.

ரமீஜா கத்தரிக்கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மொதல்ல போய் கழட்டிட்டு வாங்க,” என்றாள். “அப்பறம் நம்பலாமான்னு பாக்குறேன்.”