என் தோளில் ஏறிய மேயர்

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. திறந்தால், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கையில் துண்டுப் பிரசுரங்களோடு நின்றுகொண்டிருந்தார். அந்த ஊர் நகர கவுன்சிலுக்குப் போட்டியிடுகிறாராம். ஜெயித்தால் தெருவின் மழைநீர் வடிகாலைச் சரிசெய்வாராம். பக்கத்தில் தொண்டர் இல்லை, மைக் இல்லை, சால்வை இல்லை. காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு இங்கே ஓட்டு கிடையாது அம்மா, மகளைப் பார்க்க வந்தவன் என்றேன். அதனால் என்ன, மழை உங்கள் மேலும்தானே பெய்யும் என்று சிரித்துவிட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஊர் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. நம்ம திருச்சியைக் கொஞ்சம் கலைத்துப்போட்டுப் புல் வளர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. மேயர் தேர்தலும் கவுன்சில் தேர்தலும் சேர்ந்து வந்திருந்தன. வீட்டுக்கு வீடு புல்தரையில் பெயர் எழுதிய சின்னச் சின்ன அட்டைகளை ஊன்றியிருந்தார்கள். நான் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மை வாசம் அடித்தது. மை வாசம் அடித்தால் எனக்கு தம்மாம் ஞாபகம் வரும். தம்மாம் ஞாபகம் வந்தால் அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்காது.

எழுபதுகளின் நடுவில், சவூதியில் தம்மாமுக்கு வெளியே ஓர் அமெரிக்கக் கட்டுமானக் கம்பெனியின் காம்ப்பில் இருந்தேன். ஸ்டோர் கீப்பர் வேலை. நட்டு, போல்ட்டு, கையுறை, பெயின்ட் டின் எல்லாம் என் ராஜ்ஜியம். திருச்சியில் பி.ஏ. முடித்தவன் என்பதால் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று இப்போது சொல்கிறேன், அப்போது என்னோடு ரூமில் இருந்தவர்களைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்கள்.

காம்ப் பாஸ் பெயர் வால்ட்டர். சிவந்த முகம், பெரிய தொந்தி, நல்ல மனுஷன். அவர் தன் ஊரில் ஒரு தடவை கவுன்சிலராக இருந்து அடுத்த தடவை தோற்றவர். ஊர் ஞாபகம் வந்துவிட்டால் தேர்தல் கதைதான். சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்று கைகொடுத்தது, பள்ளிக்கூட ஹாலில் மேயர் வேட்பாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாதம் செய்தது, நாய் வளர்க்க லைசென்ஸ் கட்டணம் ஏற்றலாமா என்று ராத்திரி முழுக்க கவுன்சில் கூடிப் பேசியது. நாய்க்கு லைசென்ஸா என்று நாங்கள் சிரிப்போம். அவருக்கு அது ஏன் சிரிப்பு என்றே புரியாது.

அவருக்குத்தான் அந்த யோசனை வந்தது. நம் காம்ப்பும் ஓர் ஊர்தானே, இதற்கும் ஒரு மேயர் இருந்தால் என்ன? ஒவ்வொரு வரிசை ரூமுக்கும் ஒரு கவுன்சிலர். குழாய், விளக்கு, மெஸ் சாப்பாடு பற்றி மேயர் வந்து பேசட்டும், நான் கேட்கிறேன் என்றார். நினைத்துப் பாருங்கள், ஊரில் எமர்ஜென்சி, தேர்தல் என்ற பேச்சே இல்லை. மன்னர் ஆளும் நாட்டில், மணல் நடுவில் எங்களுக்கு ஓட்டு வந்தது. சும்மா இருப்போமா? மறுநாளே நான் வேட்பாளர்.

எதிர்த்து நிற்க யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் டூட்டி பஸ் ஓட்டும் சிவலிங்கத்தின் பெயரை அவருடைய ரூம்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். பரமக்குடி பக்கத்துக் கிராமம், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். காலையில் யாராவது பாத்ரூமில் மாட்டிக்கொண்டால், ஃபோர்மன் கத்தினாலும் வண்டியை எடுக்கமாட்டார். ஹாரனை மட்டும் இரண்டு தடவை தட்டிவிட்டுக் காத்திருப்பார். அவருக்கு முதல் கான்ட்ராக்ட் முடிகிற நேரம். இரண்டாவது கான்ட்ராக்ட்டுக்குப் பேப்பர் மேலே போயிருந்தது. அதுவும் முடிந்தால் ஊரில் சொந்தமாக ஒரு வேன் வாங்கி ஓட்டுவது என்று வைத்திருந்தார். வேனுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதுவரை எங்களுக்குத் தெரியும். நீலம்.

"என்னண்ணே, என்னை எதுத்து நிக்கிறீங்களாமே" என்று கேட்டேன்.

"நான் எங்க தம்பி நிக்கிறேன்? பயலுக நிறுத்தி வச்சிருக்கானுக. மேயர்னா என்ன வேலைன்னே எனக்குத் தெரியாது" என்றார்.

வால்ட்டரின் ஊரில் கட்சி கிடையாதாம், சின்னம் கிடையாதாம். சின்னம் இல்லாத தேர்தல் எங்களுக்கு உப்பில்லாத குழம்பு. தவிர, காம்ப்பில் தமிழ் படிப்பவன், மலையாளம் படிப்பவன், உருது படிப்பவன், எதுவுமே படிக்காதவன் எல்லோரும் இருந்தார்கள். படம் இல்லாமல் எப்படி ஓட்டுப் போடுவது? எனக்குப் பூட்டு சாவி. அவருக்கு பஸ். எதிராளியின் சின்னம் தினமும் காலையும் மாலையும் வாக்காளர்களையே ஏற்றிக்கொண்டு காம்ப்பைச் சுற்றுகிறது, இது நியாயமா என்று வால்ட்டரிடம் புகார் செய்தேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். ஓட்டுச் சீட்டை நானே ஸ்டென்சில் வெட்டி, ஆபீஸ் சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டினேன். அந்த மை வாசம் ஒரு வாரம் என் சட்டையில் இருந்தது.

தேர்தலில் எல்லோரும் கேட்டது புழுங்கல் அரிசி. மெஸ்ஸில் ஒரு நீளமான பச்சரிசி போடுவார்கள். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சைட்டுக்குப் போய் இறங்குவதற்குள் பசிக்கும். நான் புழுங்கல் அரிசிக்கு வாக்குக் கொடுத்தேன். பாகிஸ்தான்காரர்களுக்குக் கல்லில் சுட்ட ரொட்டிக்கு வாக்குக் கொடுத்தேன். மலையாளிகளுக்கு மத்தி மீன். மாதம் ஒரு சினிமா என்றும் சொல்லிவைத்தேன், எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.

வால்ட்டர் மெஸ் ஹாலில் வாதத்துக்கு ஏற்பாடு செய்தார். நான் முதலில் ஆங்கிலத்தில் பேசி, பிறகு தமிழுக்கு மாறி, அருமை அண்ணன்மார்களே, பாலைவனத்தைப் பொன்விளையும் பூமியாக்கும் பாட்டாளிகளே என்று மேடைத் தமிழில் பொழிந்துதள்ளினேன். கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது. பிறகு சிவலிங்கத்தைப் பிடித்துத் தள்ளி எழுப்பினார்கள். அவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார்.

"அரிசிக்குக் கேட்டுப் பாக்குறேன். தர்றாகளான்னு தெரியல. எல்லாரும் வெள்ளனப் படுங்க, காலைல வண்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டல் ஓயவே இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஓட்டுப்பதிவு. காலியான நெய் டின்னின் மூடியில் ஓட்டை போட்டு, வால்ட்டர் அதன் பக்கத்தில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானத்துக்குள் எண்ணி முடித்தாயிற்று. நான் நன்றாகவே தோற்றேன். என் ரூம்காரர்களே எனக்குப் போடவில்லை என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

வால்ட்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் ஊர் வழக்கத்தைச் சொன்னார். அங்கே தோற்றவர்தான் முதலில் போய் ஜெயித்தவருக்குக் கைகொடுப்பாராம். அதில்தான் ஆளின் பெருமை தெரியும் என்றார். பெருமை என்றதும் நான் விழுந்துவிட்டேன். கைகொடுத்தால் போதுமா? நாம் யார்? எல்லோரும் பார்க்கும்படி சிவலிங்கத்தின் முன்னால் போய்க் குனிந்தேன்.

"ஏறுங்கண்ணே."

"வேணாந் தம்பி. கூச்சமா இருக்கு. கைலி வேற கட்டிருக்கேன்."

பின்னால் நின்றவர்கள் விடவில்லை. அலாக்காகத் தூக்கி என் தோளில் வைத்துவிட்டார்கள். தட்டும் பெயின்ட் டின்னும் மேளமாயின. வாழ்க கோஷம் எழுந்தது. பழக்கதோஷத்தில் இரண்டு பேர் ஒழிக கோஷமும் போட்டார்கள், ஒழியவேண்டியவன் நான்தான் என்பதால் நானும் சிரித்துக்கொண்டே அதற்கு ஆடினேன். காம்ப்பை ஒரு சுற்றுச் சுற்றினோம். நம் ஊரில் ஜெயித்தவரைத் தெருவுக்குக் கொண்டுபோகாமல் விடுவோமா? கேட் திறந்திருந்தது. பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. ரோட்டுப் பக்கம் திருப்பியது நான்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முன்னால் போன கால்கள் என்னுடையவை.

கொஞ்ச நாள் முன்புதான் பக்கத்துக் கம்பெனிக் காம்ப்பில் ஸ்டிரைக் நடந்து, கூண்டோடு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் கேட்டில் இருந்த காவலாளிக்குத் தேர்தல் தெரியாது, மேயர் தெரியாது. நூற்றுக்கணக்கான ஆட்கள் டின்னை அடித்துக் கத்திக்கொண்டு ரோட்டுக்கு வருவது தெரிந்தது. போன் செய்துவிட்டான். போலீஸ் ஜீப் வந்து நின்றபோதுகூட, வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அதிகாரி இறங்கினார். கோபமே இல்லாத முகம். இந்தியில், "தலைவர் யார்?" என்று கேட்டார்.

மேளம் நின்றது. யாரும் கைகாட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தலைவர் என் தோளில் இருந்தார்.

வால்ட்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். இது ஸ்டிரைக் இல்லை, விளையாட்டு மாதிரி, இவர்கள் தங்களுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்று விளக்கினார். அந்த மனுஷன் விளக்க விளக்க அதிகாரியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஸ்டிரைக் என்றால்கூட ஒருநாள் சமாச்சாரம். தொழிலாளிகள் கூடி ஓட்டுப்போட்டுத் தலைவர் வைப்பதா? யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்? நான் மெதுவாகக் குனிந்து சிவலிங்கத்தை இறக்கிவிட்டேன். அவர் கைலியைச் சரிசெய்துகொண்டு ஜீப்பை நோக்கித் தானே நடந்தார்.

யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. சாயந்திரமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவரைக் காம்ப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கம்பெனிக்குச் சொல்லியாயிற்று. வால்ட்டர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். தப்பு என்னுடையது, என்னை அனுப்புங்கள் என்றாராம். அவரையும் பிற்பாடு அனுப்பினார்கள், அது வேறு. முதலில் போனது சிவலிங்கம்.

அவர் பெட்டி கட்டும்போது நான் கதவருகே நின்றேன். அவர் ஒரு போர்வையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"நீங்க ஜெயிச்சிருந்தா நீங்கள்ல தம்பி போயிருப்பீக. உங்களுக்குச் சின்ன வயசு. விடுங்க."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கு முந்தின ராத்திரி முழுக்க நான் படுக்கையில் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை தோற்றேன், நல்லவேளை தோற்றேன் என்று. என் மனசுக்குள் ஓடியதை அவர் வாய் சொல்லிக் கேட்டபோது கூசிப்போனேன். இந்த வயதிலும் அந்தக் கூச்சம் போகவில்லை.

ஆட்களின் கொதிப்பை அடக்கவோ என்னவோ, அடுத்த வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் புழுங்கல் அரிசி போட்டார்கள். கூட்டம் சத்தமில்லாமல் சாப்பிட்டது. நானும் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ருசியாக இருந்தது.

முதல் லீவில் ஊருக்கு வந்தபோது அவரைப் போய்ப் பார்க்கவில்லை. இரண்டாவது லீவிலும் இல்லை. மூன்றாவது லீவில், பரமக்குடியிலிருந்து டவுன் பஸ் பிடித்து அந்தக் கிராமத்தில் இறங்கினேன். டீக்கடையில் சவூதியிலிருந்து வந்த சிவலிங்கம் வீடு எது என்றேன்.

"யாரு, மேயரா? நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்றார் கடைக்காரர்.

ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. கேலியா மரியாதையா என்று பிரிக்க முடியவில்லை, இரண்டும் கலந்திருந்தது. அவர் யாருடைய நெல் லாரியையோ ஓட்டிக்கொண்டிருந்தார். வேன் வாங்கவில்லை. என்னைக் கண்டதும் மனைவியைக் கூப்பிட்டு, "இவுகதான். இவுகளத்தான் நான் தோக்கடிச்சேன். படிச்சவுக" என்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். தன் வாழ்க்கையைக் கெடுத்த அந்த வெள்ளிக்கிழமையை சிவலிங்கம் வெற்றியாகவே வைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது அந்தக் காம்ப் இல்லை. மகள் கம்ப்யூட்டரில் தேடிக் காட்டினாள், அகலமான ரோடும் கார் ஷோரூம்களும்தான் தெரிந்தன. வால்ட்டர் எந்த வருஷம் காலமானார் என்றுகூடத் தெரியாது. போன மாதம் இந்தியா திரும்பியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அந்தக் கிராமத்துக்குப் போனேன். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. உள்ளே ஒரு இளைஞர். மேயர் வீடு எது தம்பி என்று கேட்டேன். சிவலிங்கம் என்ற பெயரையும் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்தார். அந்தப் பெயரில் யாரும் இல்லை, ஊரில் பழைய ஆட்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றார். பிறகு, வெளியூர் ஆள் விவரம் தெரியாமல் கேட்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, பொறுமையாக எடுத்துச் சொன்னார்:

"சார், மேயர்லாம் மதுரையிலதான் இருப்பாக. நம்ம ஊரு பஞ்சாயத்து. இங்க மேயர்னு யாரும் இருந்ததே இல்ல."