காற்று ஆகாத உயிர்கள்

ஆகஸ்ட் 12, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்து, மதியச் சாப்பாட்டு டப்பா கட்டி, திலக் நகரில் ரயில் ஏறினேன். ஆய்வுக்கூடத்தில் முதல் வேலையாக, கிருமி வளர்க்கும் தயோகிளைகோலேட் குழம்பு நிரம்பிய சோதனைக்குழாய்களைக் கொதிநீரில் நிறுத்தினேன். பால்புரதம், ஈஸ்ட், சர்க்கரை, காற்றை உறிஞ்சித் தீர்க்கும் ஓர் உப்பு. காற்று புகுந்த இடம் இளஞ்சிவப்பாகும். கொதித்தால் காற்று வெளியேறி நிறம் போகும். காற்றுப் பட்டால் சாகும் கிருமிகளுக்கு இப்படித்தான் சமைக்க வேண்டும். ஊரிலிருந்து கேட்பவர்களிடம் ‘லேபில் வேலை’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பாளையங்கோட்டையில் நோயாளி படுத்த அறையில் முதலில் ஜன்னலைத் திறப்போம். காலில் புண்ணோடு அப்பா கிடந்த நாள்களில் எங்கள் வீட்டில் எந்த ஜன்னலும் மூடப்படவில்லை. மும்பையில் நான் கற்ற தொழில், காற்றை வெளியே நிறுத்துவது.

பதினொரு மணிக்குத் தாராவியிலிருந்து செல்வி என்ற பெண், மருத்துவமனையில் எடுத்த சீழை ஜெல்லி நிரப்பிய குழாயில் கொண்டுவந்தாள். அவள் கணவர் தோல்பட்டறைத் தொழிலாளி. கெண்டைக்காலில் ஆறாத சீழ். முந்தைய சோதனைகளில் ‘கிருமி வளர்ச்சி இல்லை’ என்றே அறிக்கை. மறுநாள் அந்தக் காலை முழங்காலோடு எடுத்துவிடுவதென்று மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

“நாத்தம் கொடலப் பொரட்டுது. உள்ள ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுக்காவ. அப்போ பேயாக்கா புடிச்சிருக்கு?” என்று சிரிக்கப் பார்த்தாள்.

குழாயின் மூடி தளர்ந்திருந்தது. ஜெல்லியின் மேல்பாதி இளஞ்சிவப்பு.

“தொறந்தியாம்மா?”

“ஆமாக்கா. ‘ஜிந்தா ஹை, ஜல்தி லே ஜாவ்’னு வெரசா கொண்டு போவச் சொன்னா நர்ஸம்மா. உசுரோட இருக்குன்னா மூச்சு முட்டிரும்லா? பஸ்ல சன்னல் பக்கம் உக்காந்து காத்து காட்டிட்டே வந்தேன்.”

திட்ட வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம்.

“இன்னொரு தடவ சீழ் எடுக்க விடுவாராம்மா?”

“கத்தியக் கண்டாலே கத்துதாருக்கா. இனி ஆகாதா?”

“அடியில நெறம் மாறல. பாப்போம்.”

அந்த அடிப்பகுதியை மட்டும் நீண்ட பிப்பெட்டில் உறிஞ்சி, ஆறிய குழம்பின் அடியில் குமிழி எழாமல் இறக்கி, உடற்சூட்டில் காக்கும் இன்குபேட்டரில் வைத்தேன். மாலை மாட்டுங்காவில் பூ வாங்கும்போதும் அந்த நாற்றம் மூக்கை விடவில்லை. எனக்குப் பழகிய நாற்றம். அப்பாவின் காலிலும் அதுதான் இருந்தது. திறந்த ஜன்னல்கள் நாற்றத்தை வெளியேற்றின. உள்ளே குடியிருந்தது யாரென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

புதன் காலை, தோள்பையை இறக்காமலே குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே இளஞ்சிவப்புப் பட்டை தெளிவாக, வெறுமையாக இருந்தது. அதன் கீழே கலங்கல். உடனே வார்டு மருத்துவரை அழைத்து மராத்தியில் சொன்னேன்: காற்று ஆகாத கிருமி வளர்ந்திருக்கிறது, அதற்கு மருந்து உண்டு, இன்று அந்தக் காலை எடுக்க வேண்டாம். நிறுத்திவைப்பதாகச் சொன்னார். அடுத்துச் செல்வியை அழைத்தேன்.

“எக்கா?”

வாய் தமிழுக்குத் திரும்ப ஒரு நொடி பிடித்தது. அந்த நொடியில் மறுமுனையில் அவள் மூச்சு விடும் சத்தமே கேட்கவில்லை.