வியாழக்கிழமை ஆல்பம்

என் கணவர் எனக்குக் கடைசியாக வாங்கித் தந்த பொருள் ஒரு பாட்டு சீடி. நகையோ சேலையோ என்றால் நாலு பேருக்குச் சொல்லிக்கொள்ளலாம். இது ஸ்பானிய மொழியில் பாடும் ஒரு லத்தீன் அமெரிக்கப் பாடகியின் ஆல்பம். லண்டன் ஹரோவில் பழைய பொருட்கள் விற்கும் ஒரு சரிட்டிக் கடையில், பழைய கோப்பைகளுக்கும் படச்சட்டங்களுக்கும் நடுவில் கண்டெடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"இஞ்சேரும், உம்மட ஆள் இவதானே?"

அட்டையில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு இளம்பெண் மாடிப்படியில் குந்தியிருந்து எங்களை முறைத்துப் பார்த்தாள்.

அவள் என் ஆள் ஆனது சீனி வருத்தத்தால். இரத்தத்தில் சீனி ஏறிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்றார் டொக்டர். லண்டன் மழையில் நடக்க எனக்கென்ன விசரா? அதனால், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய மண்டபத்தில் வியாழன் காலைகளில் பெண்களுக்காக நடந்த நடன வகுப்பில் சேர்ந்தேன். நடத்தியவள் ஒரு கொலம்பியாக்காரி. விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலையை முடித்துவிட்டு, பத்து மணிக்கு வந்து எங்களை ஆட்டி வைப்பாள். குஜராத்திப் பெண்கள், சோமாலியப் பெண்கள், தமிழுக்கு நான் ஒருத்தி. முதல் நாள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நாலாவது வாரம் முன் வரிசைக்கு வந்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் என் இடுப்பு என் சொல்லைக் கேட்கும் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவ்வளவு சந்தோசத்தை நான் பல வருடங்களாகக் கண்டதில்லை.

வகுப்பில் ஓடிய பாட்டுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரே ஆல்பத்தில் இருந்து வந்தவை. அந்தப் பாடகிக்கு உலகமெங்கும் பெயர் வாங்கித் தந்தது அதுதானாம். அதற்கு முன் பாடியவை கடைகளில் தூசி பிடித்துக் கிடந்தனவாம். இது வந்த வருடம், தன் ஊரில் பஸ்ஸில் ஏறினாலும் ரொட்டிக் கடைக்குப் போனாலும் இதுதான் கேட்டது என்று கொலம்பியாக்காரி சொன்னாள். அப்படி என்னதான் பாடுகிறாள் என்று ஒரு நாள் கேட்டேன். இரண்டாவது பாட்டில், விட்டுப் போனவன் திரும்பி வந்தால் கதவு திறக்கமாட்டேன் என்கிறாளாம். ஐந்தாவது பாட்டில் திறந்துவிடுகிறாளாம்.

இதற்காகவா உலகம் இப்படி அள்ளிக்கொண்டு போய் வாங்கியது என்று அப்போது நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் எல்லாருடைய வீட்டிலும் நடப்பதுதானே. விற்காமல் என்ன செய்யும்?

மழை நாட்களில் கணவர் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியிலேயே பேப்பர் படித்துக்கொண்டு இருப்பார். மண்டப யன்னல்கள் சரியாகப் பூட்டாதவை. ஒரு மணி நேரப் பாட்டும் அவர் காதில் விழும். "பாட்டே இது? சண்டை பிடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று முதலில் நக்கலடித்தார். அந்த நக்கல் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. ஸ்டியரிங்கில் தாளம் போடத் தொடங்கினார். சீடி வந்த பிறகு கேட்கவே வேண்டாம். அர்த்தம் தெரியாத சொற்களைத் தன் பாட்டுக்கு இட்டுக்கட்டி, வெம்பிளிக்குச் சாமான் வாங்கப் போகும் வழியெல்லாம் பாடுவார். வெட்கமாக இருக்கிறது, நிறுத்துங்கள் என்பேன். நிறுத்தமாட்டார்.

ஒக்டோபரில் ஒரு காலை, தேத்தண்ணி கேட்டவர் நான் அதைக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். நெஞ்சு. அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, பற்றரி செத்துவிடும் என்று காரை ஸ்டார்ட் செய்யப் போனேன். திறப்பைத் திருப்பியதும் பாட்டுத் தொடங்கியது. தொடக்கத்தில் இருந்து அல்ல, அவர் நிறுத்திய இடத்தில் இருந்து. ஐந்தாவது பாட்டின் நடு. நான் விழுந்தடித்து அதை நிறுத்தினேன். எதிர்வீட்டில் தமிழ் ஆட்கள். கணவன் போய் ஒரு மாதத்தில் பாட்டுக் கேட்கிறாள் என்று ஆகிவிடும்.

எங்கள் வழக்கத்தில் ஒரு வருடம் கழித்து வரும் ஆட்டைத்திவசம் முடியும்வரை கல்யாண வீடு இல்லை, பிறந்தநாள் இல்லை, ஈலிங் அம்மன் கோவில் தேருக்குக்கூடப் போவதில்லை. அந்தப் பட்டியலில் நடன வகுப்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் யாருக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டிருக்கும்? ஆனால் பட்டியலில் இல்லாததை நானே சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு வியாழனும் பத்து மணிக்கு என் கால்கள் குசினியில் சமைக்கும்போதே தாமாக அசையும். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும். அவர் கேட்ட பாட்டை ஆடினால் அவரை மறந்ததாகுமா, நினைத்ததாகுமா? இதை யாரிடம் கேட்பது?

மச்சாளிடம் கேட்க முடியாது. அவருடைய அக்கா, வெம்பிளியில் தனியாக இருக்கிறா. தினமும் பின்னேரம் ஆறு மணிக்குத் தொலைபேசி எடுப்பா. சாப்பிட்டீரோ, விளக்கு வைச்சாச்சோ என்று கேட்பா. ஒரு நாள் திடீரென்று, "வியாழக்கிழமையிலை என்ன செய்யிறனீர்?" என்றா. யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஒண்டுமில்லை மச்சாள். வீட்டிலைதான் இருக்கிறன்."

"ஓம்" என்றுவிட்டு வைத்துவிட்டா. அன்றைக்கே முடிவெடுத்தேன், வருடம் முடியும்வரை அந்தப் பக்கமே போவதில்லை என்று.

ஓகஸ்ட் மாதம் கொலம்பியாக்காரி கூப்பிட்டாள். மண்டபத்தை இடித்துவிட்டு பிளாட் கட்டப்போகிறார்கள், நானும் தெற்கு லண்டனுக்குப் போகிறேன், வரும் வியாழன் கடைசி வகுப்பு என்றாள். "உனக்காக அந்த ஆல்பத்தை முழுவதும் போடுகிறேன், வா" என்றாள்.

வர ஏலாது என்றேன். யார் வேண்டாம் என்றது என்று கேட்டாள்.

"கணவரின் அக்கா" என்றேன். மச்சாள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. பொய் என்று எனக்கே தெரியாத அளவுக்கு அது சுலபமாக வாயில் வந்தது. அந்த வியாழன் பத்து மணிக்கு யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, பதினொன்று அடிக்கும்வரை கட்டிலில் கிடந்தேன்.

ஆட்டைத்திவசம் குறையில்லாமல் நடந்தது. ஐயர் போய், சாப்பாடு முடிந்து, மச்சாள் கடைசிப் பாத்திரம் வரை கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனா. அடுத்த நாள் ஆறு மணிக்கு வழக்கம்போலத் தொலைபேசி வந்தது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. விளக்கைப் பற்றியும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினா.

"வருசம் முடிஞ்சுதுதானே. இனி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது. அந்த வியாழக்கிழமை வகுப்பு எத்தினை மணிக்கு?"

எனக்கு விளங்கவில்லை. "ஏன் மச்சாள்?"

"தம்பி அந்தப் பாட்டுகளைப் போனிலை எனக்குப் போட்டுக் காட்டுறவன். அக்கா, நீங்களும் வாங்கோ, நான் காரிலை ஏத்திக்கொண்டு போறன் எண்டு ஒரே சொல்லுவான். எனக்கு முழங்கால் நோதான். எண்டாலும் கையையாவது ஆட்டலாமெல்லே."

அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. "அந்த மண்டபத்தைப் பூட்டியாச்சு மச்சாள்."

"எப்ப?"

"ஓகஸ்டிலை. கடைசி நாளுக்கு வரச்சொல்லிக் கேட்டவ. நான் போகேல்லை."

"ஏன் பிள்ளை போகேல்லை?"

ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாததை அவவிடமே சொன்னேன். "உங்களுக்குப் பயத்திலைதான்."

"எனக்கோ?" என்றா மச்சாள், குரல் உடைந்து. "உமக்கு வலிக்குமெண்டெல்லோ நான் ஒரு வருசமா அந்தப் பாட்டைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தனான்."