ஒன்பது வருஷப் பேரமும் ஒரு தோட்டாக்கூடும்

யாராவது கைத்துப்பாக்கியை விலை மதிக்கக் கொண்டுவந்தால், வெர்னா ஹடில்ஸ்டன் முதலில் கொண்டுவந்தவன் முகத்தைத்தான் பார்ப்பாள். அடுத்தது திருகாணிகள். அவற்றின் தலை சிதைந்திருந்தால், எவனோ ஒரு அரைகுறை சாப்பாட்டு மேசையில் வைத்துக் கழற்றியிருக்கிறான் என்று பொருள். கடைசியாக மூக்கருகே கொண்டுபோய் முகர்வாள். அதற்குரிய எண்ணெயா, அப்பளம் பொரிக்கிற எண்ணெயா என்பது தெரிந்துவிடும்.

"இதோட ஸ்பிரிங் போயிடுச்சு. இந்தக் கம்பெனியை மூடியே நாப்பது வருஷமாச்சு. காகிதம் பறக்காம மேல வெச்சுக்கலாம்," என்பாள். கொண்டுவந்தவன் முகம் தொங்கிப்போகும். அவளுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான். அதை மறைக்கவும் மாட்டாள்.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையல்காரியாக இருந்தவள். கணவர் லைல் துப்பாக்கி பழுது பார்ப்பவர். இறந்துபோனபோது மூன்று இழுப்பறை நிறையப் பொடிச் சாமான்களை விட்டுவிட்டுப் போனார். எடைக்குப் போட்டுவிடு என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னதாலேயே அவள் போடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, எது எதற்குச் சேரும் என்று பழகிக்கொண்டாள். இப்போது ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாவட்டப் பொருட்காட்சிக் கொட்டகையில் நடக்கும் துப்பாக்கிச் சந்தையில் மேசை போடுகிறாள். மற்ற நாட்களில் பன்றிகள் இருக்கும் கொட்டகை அது. இண்டியானாக்காரர்களுக்கு அந்த வாசனை ஒரு பொருட்டே இல்லை.

வியாபாரத்தில் அவள் கண்டுகொண்ட சூத்திரம் ஒன்று உண்டு. அருமை என்று சொல்பவன் வாங்க மாட்டான். குறை சொல்பவன்தான் வாங்க வந்தவன். எத்தனை குறையோ அத்தனை ஆசை.

அந்தக் கணக்குப்படி பார்த்தால், வாடிக்கையாக வரும் ஹார்லன் டீக்குக்கு அவள் மேசையில் கிடந்த ஒரு தோட்டாக்கூட்டின் மேல் இருந்தது ஆசை இல்லை, பித்து.

ஹார்லனிடம் 'சிட்டு' என்று எல்லாரும் அழைக்கும் குட்டித் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதைச் செய்த கம்பெனி இரண்டே வருஷம் ஓடிப் படுத்துவிட்டது. தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் கூடு அவருடைய சிட்டுக்கு இல்லை. வெர்னாவிடம் சிட்டின் தோட்டாக்கூடு இருந்தது, சிட்டு இல்லை. ஒன்பது வருஷமாக அவர் வந்து அந்தக் கூட்டைக் கையில் எடுப்பார்.

"துரு."

"அது நிழல். கண்ணாடியைத் தொடைங்க."

"வாய் வளைஞ்சிருக்கு. எழுபது டாலரா? யார் வாங்குவா இதை?"

"உங்களை யார் வாங்கச் சொன்னா? உங்க துப்பாக்கியை வெச்சு வால்நட் ஒடைங்க."

"பாவம்னு அம்பது தரலாம்னு பாத்தேன், அம்மணி."

"பாவம் பாத்து வாங்குறவருக்கு நான் விக்கிறதில்லை."

கூட்டைத் துப்பாக்கியில் செருகிச் சேருமா என்று பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. ஆனால் கொட்டகைக்குள் வரும் துப்பாக்கி ஒவ்வொன்றிலும் யாரும் சுட முடியாதபடி வாசலில் பிளாஸ்டிக் கட்டு ஒன்று மாட்டிவிடுவார்கள். கூடு நுழையும் வாய் வழியாக அது வெளியே தொங்கும். கட்டு இருக்கும்வரை எதையும் செருக முடியாது. வெட்ட வேண்டுமென்றால் காவலாளி கிளீட்டைக் கூப்பிட வேண்டும். அவன் இடுப்பில் கத்தரியோடு வந்து நின்றால் சுற்றியிருக்கும் மேசைகளெல்லாம் திரும்பிப் பார்க்கும். கட்டை வெட்டச் சொன்னவன் வாங்கியே தீருவான் என்று எல்லாருக்கும் தெரியும். அப்புறம் பேரம் ஏது? ஆகவே ஹார்லன் ஒருநாளும் வெட்டச் சொன்னதில்லை.

அது வெர்னாவுக்கு வசதியாகவே இருந்தது. ஏனென்றால் அந்தக் கூடு அவருடைய சிட்டுக்குச் சேராது.

மூன்றாவது வருஷம் அவர் துப்பாக்கியை அவள் மேசையில் வைத்துவிட்டுக் காபி வாங்கப் போயிருந்தார். அப்போதுதான் கவனித்தாள். அவருடையது பிந்திய வருஷத்துச் சிட்டு. கூட்டைப் பிடிக்கும் கொக்கி பக்கவாட்டில். அவள் கூடு முந்திய வருஷத்துச் சிட்டுக்கு உரியது, கொக்கி மாட்டும் பள்ளம் அடியில். தலைகீழாக நின்றாலும் சேராது.

சொல்லியிருக்க வேண்டும். திருகாணிக்குத் திருகாணி நேர்மை பேசுகிறவள் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மை வேறு. சொன்னால் அவர் வர மாட்டார். லைல் போன பிறகு அவளிடம் வாய்க்கு வாய் சண்டை பிடிக்க ஒருவரும் இல்லை. எல்லாரும் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். இவர் ஒருவர்தான் துரு என்றார்.

இந்த அக்டோபரில் ஹார்லன் சலவைச் சட்டை போட்டு வந்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. வெர்னாவுக்கு அப்போதே என்னவோ போலிருந்தது. அவர் கையை உயர்த்தினார்.

"கிளீட், இங்க வந்து கட்டை வெட்டு."

கிளீட் வந்தான். பக்கத்து மேசைக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கத்தரி சொடுக்கிய சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டதாக அவளுக்குப் பட்டது. அவர் கூட்டை எடுப்பதற்குள் அவள் கையை மேலே வைத்து அமுக்கினாள்.

"அது சேராது."

"என்னது?"

"உங்களுது பின்னாடி வந்தது. இது முன்னாடி உள்ளது. ஆறு வருஷமா எனக்குத் தெரியும், ஹார்லன். சொல்லலை. தப்புதான்."

ஹார்லன் தாடையைத் தடவினார்.

"முப்பத்தஞ்சு வருஷம் வீடு வீடாப் போயி கேஸ் டாங்க் மாட்டுனவன் நான். எது எதுல சேரும்னு தெருமுனையிலேர்ந்தே சொல்லிடுவேன். மொத வருஷமே தெரியும், அம்மணி."

"அப்புறம் எதுக்கு ஒம்பது வருஷமா துரு, வளைசல்னு என் உயிரை எடுத்தீங்க?"

"வேற என்ன சொல்லி உங்க மேசைகிட்ட நிக்கிறது?"

"இன்னைக்கு எதுக்கு வெட்டச் சொன்னீங்க?"

"இந்த நாடகத்தை முடிச்சுக்கலாம்னுதான். வருஷத்துக்கு ரெண்டு நாள் எனக்குப் பத்தலை."

கிளீட் புதுக் கட்டை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். "வித்தாச்சா, இல்லையா? நான் வாசலுக்குப் போகணும்," என்றான்.

வெர்னா கூட்டிலிருந்த விலைச் சீட்டைக் கிழித்துக் கூட்டைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"விக்கிறதா இல்லை."

"அப்ப நான் எதைக் குறை சொல்றது?" என்றார் ஹார்லன். நிஜமாகவே கலங்கிப்போயிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வேக வெக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். இறைச்சி கெட்டி, கிழங்கு வேகவில்லை, உப்பு கூட, குழம்பு நீர்த்திருக்கிறது என்றார். மூன்றாவது தடவை தட்டை நீட்டும்போது, ஆப்பிள் வைத்துச் சுட்ட இனிப்பின் ஓரம் கருகியிருப்பதையும் சுட்டிக்காட்டினார். மொத்தம் பதினொரு குறைகள். வெர்னா விரல்விட்டு எண்ணிக்கொண்டே பரிமாறினாள்.