பாப்பாவைக் காப்பாற்றிவிட்டுப் போன எங்கள் அக்கா

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இன்று திருப்பலிக்கு வந்து, எங்களோடு செபித்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கிறீர்கள். அடக்கத்தின்போது உங்களிடம் நாங்கள் சொன்ன காரணம் நிமோனியா. அது பொய்யில்லை. ஆனால் அது பாதி உண்மைதான். அக்காவுக்குப் பிறந்தது முதல் எச்ஐவி இருந்தது.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எழுது. எனக்கும் இருக்குன்னு சேத்து எழுது. இனிமே மறைச்சு யாரைக் காப்பாத்தப் போறோம்?" என்றார். அத்தானும் சம்மதித்தார். பிள்ளை பிறந்த ராசிதான் தாயைக் கொண்டுபோய்விட்டது என்று அடக்கத்துக்கு வந்த சிலர் பேசிக்கொண்டது எங்கள் காதில் விழுந்தது. அந்தப் பேச்சு அக்காவின் மகள் பாப்பாவின் காதில் விழுவதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்பதே எங்கள் மூவரின் எண்ணம்.

அக்கா பிறந்தபோது அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பகுதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார்கள். அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மாதக்கணக்கில் கடலில் இருந்துவிட்டுச் சில வாரங்கள் வீட்டில் இருப்பார். அம்மா ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்தார். அக்கா பிறக்கும்போது நல்ல எடை, நல்ல அழுகை. பிறகுதான் ஒன்று மாற்றி ஒன்று வந்தது. காதில் சீழ், வாய்க்குள் வெள்ளைப் புண், விடாத இருமல். கிளினிக்கில் மருந்து கொடுப்பார்கள், கொஞ்சம் தேறுவார், மறுபடியும் படுத்துவிடுவார். "சாப்பாடு ஒழுங்கா குடுக்குறீங்களா?" என்றுதான் எல்லோரும் அம்மாவைக் கேட்டார்கள்.

நான்கு வயதில் அக்கா மூச்சுத் திணறித் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்தார். அங்கே ஒரு மருத்துவர்தான் அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொன்னார். அடுத்து அம்மாவுக்குச் செய்தார்கள். அடுத்து அப்பாவுக்கு. மூவருக்கும் இருந்தது. அப்பாவுக்கு எப்படி வந்தது என்று அம்மா கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போடும் நிலையில் அம்மா இல்லை. ஐசியூவில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை.

வயிற்றில் இருந்தது நான். அக்கா நோயில் விழுந்ததால்தான் அம்மாவுக்குத் தன் நோய் தெரிந்தது. தெரிந்ததால்தான் கர்ப்பத்திலேயே மருந்து தொடங்கினார்கள். அதனால்தான் எனக்கு அந்தக் கிருமி வரவில்லை. அக்கா அன்று அப்படித் திணறியிருக்காவிட்டால் நான் எப்படிப் பிறந்திருப்பேனோ தெரியாது. இதை அக்கா ஒருமுறைகூட என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை.

நான் நடக்கப் பழகுவதற்குள் அப்பா இறந்துவிட்டார். அம்மா எங்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு சுவா சூ காங்கில் ஒரு சிறிய வீட்டுக்கு மாறினார். ஃபேரர் பார்க்கில் அப்பாவைத் தெரிந்தவர்கள் அதிகம் என்பதுதான் காரணம்.

சிறு வயதில் அக்கா குடித்த மருந்து கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. குடித்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, வாந்தி வராமல் இருக்க வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓடுவார். அது ஏதோ விளையாட்டு என்று நினைத்து நானும் பின்னால் ஓடுவேன். இரத்தத்துக்கு வலு கொடுக்கிற மருந்து என்று அம்மா சொல்லியிருந்தார். பள்ளியிலும் கோயிலிலும் யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

அக்காவுக்குப் பதின்மூன்று வயதானபோது மருத்துவமனையில் உண்மையைச் சொன்னார்கள். அக்கா கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சிக்கு இருக்கா?" என்பதாம். இல்லை என்றதும், "அப்பாடா" என்றாராம். அம்மா இதை இப்போதும் சொல்லி அழுவார்.

ஆனால் அந்த வயதில் எவ்வளவு நாளைக்குத் தாங்க முடியும்? உயர்நிலைப் பள்ளியில் தோழிகள் வீட்டில் தங்கப் போவார்கள், அக்கா போகமாட்டார். முகாம் என்றால் காய்ச்சல் என்பார். எங்கேயும் மாத்திரையை ஒளித்து எடுத்துப்போக வேண்டும். பதினாறு வயதில் ஒருநாள் நிறுத்திவிட்டார். போட்டேன் என்பார், போட்டிருக்கமாட்டார். உடம்பு மெலிந்து, அக்கியும் காய்ச்சலும் வந்த பிறகுதான் அம்மாவுக்குப் புரிந்தது.

"ஏன்மா இப்படிப் பண்ற?" என்று அம்மா கேட்டார்.

"உங்களாலதானே எனக்கு இது! நான் கேட்டேனா? போடமாட்டேன். செத்தா சாகுறேன், விடுங்க!" என்று அக்கா கத்தினார். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அம்மா தன் மாத்திரைப் பெட்டியை எடுத்து அக்காவின் முன் வைத்தார்.

"நீ போடாட்டி நானும் போடமாட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம்."

அம்மா சொன்னபடியே செய்தார். எவ்வளவு நாள் என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் ஒரு சிறுமியாக நான் எவ்வளவு பயந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஒருநாள் பள்ளி விட்டு வந்த அக்கா, அம்மாவின் பெட்டி குறையாமல் இருப்பதைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். பிறகு தண்ணீர் கொண்டுவந்து, "வாங்கம்மா, போடுவோம்" என்றார். ஆனால் இடையில் நிறுத்தியதால் அக்காவின் உடம்பில் இருந்த கிருமி அந்த மருந்துகளுக்குப் பழகிவிட்டிருந்தது. வேறு மருந்துகளுக்கு மாற்றினார்கள். இனி நிறுத்தினால் மாற்ற அதிகம் இல்லை என்று மருத்துவர் எச்சரித்தார்.

அதன் பிறகு அக்கா ஒழுங்காக இருந்தார். படிப்பை முடித்து, லிட்டில் இந்தியாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வயதானவர்கள் அக்காவைத்தான் தேடி வருவார்கள். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "இப்போ என் மூக்குத்தி தெரியுதா?" என்று கேட்டுச் சிரிக்க வைப்பாராம். அங்கே கண்ணாடி வாங்க வந்தவர்தான் அத்தான். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பொறியாளர். எங்கள் பங்குக் கோயிலுக்குத்தான் வருகிறவர்.

அத்தான் மணம் பேச விரும்பியபோது, அக்கா அவரைப் பொங்கோல் கடலோரத்துக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். அத்தான் எழுந்து போய்விட்டார். அதோடு முடிந்தது என்றுதான் அக்கா வீட்டுக்கு வந்து சொன்னார். அடுத்த வாரம் அத்தான் எங்கள் வீட்டுக்கே வந்து, "உங்க டாக்டரை நான் பாக்கணும். எனக்குக் கேக்க நெறைய இருக்கு" என்றார். மருந்து ஒழுங்காகப் போட்டுக் கிருமி அடங்கியிருந்தால் கணவருக்கும் தொற்றாது, குழந்தைக்கும் வராமல் காக்க முடியும் என்பதை மருத்துவரே விளக்கிச் சொன்னார். திருமணம் நடந்தது. அத்தான் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: "எங்க அம்மாவுக்கு மட்டும் சொல்ல வேணாம். அவங்க தாங்கமாட்டாங்க."

பாப்பா வயிற்றில் இருந்தபோது அக்கா ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. வாந்தி எடுத்தால் மருத்துவமனைக்குப் போன் போட்டு, மறுபடியும் போட வேண்டுமா என்று கேட்பார். பரிசோதனையில் கிருமி கண்டறியவே முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. பாப்பா நலமாகப் பிறந்தாள். பேறுகாலத்துக்கு உதவ அத்தானின் அம்மா ஊரிலிருந்து வந்து, பொங்கோல் வீட்டில் அவர்களோடு தங்கினார்.

அங்கேதான் எல்லாம் சிக்கலானது. தாய்ப்பால் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காரணம் அத்தானின் அம்மாவுக்குத் தெரியாது. "பெத்த பிள்ளைக்குப் பால் குடுக்க உனக்கு என்னம்மா கஷ்டம்? அழகு போயிடும்னு பாக்குறியா?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. தெரியாமல் கேட்டார். பாப்பா பசியில் அழும்போது அக்காவுக்குப் பால் கட்டி உடை நனையும். அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பார். உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். நான் வெளியே பாப்பாவுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

பாப்பாவுக்குக் கிருமி வராமல் இருக்கக் கொடுத்த மருந்தை விட்டமின் என்று சொன்னோம். அக்காவின் மாத்திரையை இரும்புச் சத்து மாத்திரை என்று சொன்னோம். "எத்தனை மாசத்துக்குமா இரும்பு?" என்று அவர் கேட்ட பிறகு, அக்கா மாத்திரையைக் குழந்தையின் டயபர்ப் பைக்குள் வைத்தார். அந்தப் பையை அவர் அடுக்கத் தொடங்கியதும் வேறு இடத்துக்கு மாற்றினார். வீட்டில் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போட்டார். அப்படி நேரமே கிடைக்காத நாள்களில் விட்டுவிட்டார். பிறகு ஒரேயடியாக விட்டுவிட்டார். அது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது.

பாப்பாவின் பரிசோதனைகளுக்கு மட்டும் ஒரு நாளும் தவறாமல் போனார். ஒவ்வொரு முறையும் பாப்பாவுக்குக் கிருமி இல்லை என்றுதான் வந்தது. அக்கா நம்பவில்லை. "எனக்கும் நாலு வயசு வரைக்கும் யாருக்கும் தெரியலையே" என்பார். அது வேறு, இது வேறு, பிறந்தது முதலே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று மருத்துவர் பொறுமையாகச் சொல்வார். அக்கா தலையாட்டுவார். வீட்டுக்கு வந்ததும் பாப்பாவின் வாயைத் திறந்து வெள்ளைப் புண் இருக்கிறதா என்று பார்ப்பார். பாப்பா ஒருமுறை இருமினால் அக்காவின் முகம் வெளுத்துவிடும். சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரோடும் பேசவில்லை. அக்காவின் சொந்தப் பரிசோதனைக்கு மருத்துவமனையிலிருந்து மறுபடியும் மறுபடியும் அழைத்தார்கள். "போறேன்லா, பாப்பாவோட செக்கப் முடியட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பாப்பாவின் முதல் பிறந்தநாள் கழிந்து சில வாரங்களில் அக்காவுக்கு இருமல் தொடங்கியது. வீட்டிலிருந்து லிஃப்ட் வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்கியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது நுரையீரல் இரண்டிலும் நிமோனியா பரவியிருந்தது. மருந்தை எப்போது நிறுத்தினீர்கள் என்று மருத்துவர் கேட்டார். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு அக்கா சொன்ன பதில் இது:

"பாப்பாவுக்காக ஒழுங்காப் போட்டேன் டாக்டர். அவ வெளிய வந்ததுக்கு அப்புறம் எனக்காகப் போட முடியல."

நாங்கள் எல்லோரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம். 

அன்றுதான் அத்தானின் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தது. வெளியே நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வந்து, அக்காவின் கையைப் பிடித்தார். "எங்கிட்ட ஏம்மா சொல்லல? சொல்லிருந்தா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, "சொல்லிருந்தா நான் என்ன பண்ணிருப்பேன்னு எனக்கே தெரியலம்மா" என்று அழுதார். அந்தச் சொல்லுக்காக நான் அவரை மதிக்கிறேன். அதன் பிறகு அக்காவுக்குத் துடைத்துவிட்டதும் தலைவாரிவிட்டதும் அவர்தான்.

மருந்தை மறுபடியும் தொடங்கினார்கள். தெரிந்த எல்லா வழியையும் பார்த்தார்கள். அம்மா கட்டிலின் காலடியில் முழந்தாளிட்டு, "என்னை எடுத்துக்கோ ஆண்டவரே, என்னை எடுத்துக்கோ" என்று வாய்விட்டுக் கெஞ்சினார். தாதியர் தூக்கிவிட்டால் மறுபடியும் முழந்தாளிடுவார். பங்குத்தந்தை வந்து எண்ணெய் பூசி, நோயில்பூசுதல் கொடுத்தார். அக்கா கடைசியாக என்னிடம் பேசியது பாப்பாவின் இறுதிப் பரிசோதனையைப் பற்றித்தான். "டேட் மறந்துடாதடி" என்றார். மறக்கமாட்டேன் என்றேன். அடுத்த நாள் காலையில் அக்கா போய்விட்டார்.

ஒன்றரை வயதில் பாப்பாவுக்கு இறுதிப் பரிசோதனை செய்தோம். கிருமி இல்லை, இனி பரிசோதனைக்கு வர வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னார். அக்கா கேட்கத் துடித்த செய்தி அது. நாங்கள் மூவரும் அந்த அறையில் சந்தோஷப்படத் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். பாப்பா மருத்துவரின் மேசையில் இருந்த பேனாவை எடுக்கப் பார்த்தாள். அத்தான் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவைச் சிறுவயது முதல் தங்கள் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், மருத்துவமனைக்கு வந்து செபித்த பங்குத்தந்தைக்கும், அவர்களிடம் மட்டும் நாங்கள் உண்மையைச் சொன்ன பிறகும் அக்காவின் உடலைத் தொட்டு அலங்கரித்த பங்கு மக்கள் மூவருக்கும், வேலை விடுப்புக்கு ஒரு கேள்வியும் கேட்காத கண்ணாடிக் கடை முதலாளிக்கும், பாப்பாவை மாறி மாறித் தூக்கி வைத்துக்கொண்ட பொங்கோல் அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. ஊருக்குத் திரும்பாமல் பேத்திக்காக இங்கேயே தங்கியிருக்கும் அத்தானின் அம்மாவுக்கும் நன்றி.

இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வரத் தயங்குகிறவர்கள் இருக்கலாம். அது உங்கள் விருப்பம். ஆனால் இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் யாராவது ஒருவர், அக்காவைப் போல அலமாரிக்குள்ளோ பைக்குள்ளோ மருந்தை ஒளித்து வைத்துக்கொண்டு, நேரம் பார்த்துப் போட்டுக்கொண்டோ போடாமலோ இருக்கலாம். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத்தான் இதைச் சொல்கிறேன். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பிள்ளைக்காகவோ கணவருக்காகவோ மட்டும் போடாதீர்கள். உங்களுக்காகப் போடுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் என்னிடம் வந்து சொல்லுங்கள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். உங்கள் முன் முழந்தாளிட்டுக் கெஞ்சச் சொன்னாலும் கெஞ்சுகிறேன். எங்கள் வீட்டில் இனி இழப்பதற்கு அம்மா ஒருவர்தான் இருக்கிறார். உங்கள் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள்.

ஆறாத துயரத்துடன்,
தங்கை
சுவா சூ காங்